மரியாளை முஸ்லிம்கள் இழிவா பேசுறாங்களா? அந்த ஃபார்வர்ட் தப்பு

நம்ம குமரி மாவட்ட வாட்ஸ்அப் குரூப்கள்ல ஒரு மெசேஜ் சுத்துது, "முஸ்லிம்களுக்கு இயேசுன்னாலே ஆகாது, மரியாளை இழிவா பேசுறதுதான் அவங்க வேதம்"னு. தக்கலை, குளச்சல், தேங்காப்பட்டணம்னு சர்ச்சும் பள்ளிவாசலும் பக்கத்துல பக்கத்துல இருக்குற ஊர்க்காரங்களே இத நம்பி தட்டிவிடுறதுதான் எனக்கு ஆச்சரியம்.

விஷயம் நேர் எதிர். இஸ்லாத்துல ஈமான்னு சொல்ற அடிப்படை நம்பிக்கைகள் ஆறு, அல்லாஹ், மலக்குகள் (வானவர்கள்), வேதங்கள், நபிமார்கள் (இறைத்தூதர்கள்), மறுமை நாள், விதி. இதுல நபிமார்னா முஹம்மது நபி மட்டும் இல்ல, இப்ராஹீம் (ஆபிரகாம்), மூஸா (மோசே), ஈசா எல்லாரையும் சேர்த்துதான், இயேசுவைத்தான் அவங்க ஈசா நபின்னு சொல்றாங்க, அவரை மறுத்தா ஈமானே நிக்காது. மரியாள் அவங்களுக்கு மர்யம். குர்ஆன்ல 19வது அத்தியாயத்துக்குப் பேரே மர்யம், குர்ஆன் முழுக்கவே பேர் சொல்லிக் குறிப்பிடுற ஒரே பெண்ணும் அவங்கதான், கன்னியா இருந்தே ஈசாவைப் பெத்தாங்கன்னும் வருது. இன்னொண்ணு, மர்யம் மேல அவதூறு சொன்னவங்களைக் கண்டிக்கிற வசனமே 4:156ல (4வது அத்தியாயம், 156வது வசனம்) இருக்கு!

வித்தியாசம் இருக்கு, மறைக்க வேண்டாம். ஈசாவைக் கடவுளாவோ கடவுளின் மகனாவோ முஸ்லிம்கள் ஏத்துக்கறதில்ல, சிலுவையில இறந்தார்ங்கறதையும்தான் (4:157). ஆனா கொள்கையில ஒத்துக்காதது வேற, ஏசுறது வேற.

சந்தேகம்னா குர்ஆன் தமிழ் மொழிபெயர்ப்பு போன்லயே கிடைக்குது, 2:136, 3:42, அப்புறம் 19:16ல இருந்து படிச்சுப் பாருங்க, இல்லன்னா பக்கத்துப் பள்ளிவாசல் இமாம்கிட்ட கேளுங்க. அந்த மெசேஜ் வந்தா மேல அனுப்பாதீங்க மக்கா, ஏற்கெனவே அனுப்பியிருந்தா அதே குரூப்ல இதையும் போட்டுருங்க.