குர்குர் சத்தத்தை நம்பிவிட்டேன்

நோயுற்ற கிழப் பூனையை ஊசி போட்டு வலியின்றி வழியனுப்பும் நேரம் வந்ததும் பூனையே உணர்த்திவிடும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். எங்கள் 17 வயதுக் கிழவி எதையும் உணர்த்தவில்லை. வலியை மறைப்பதில் பூனைகள் கைதேர்ந்தவை. அடிக்கடி தண்ணீர் குடித்தாள். சாதாரணத் தாகம் என்று விட்டுவிட்டேன். உள்ளே சிறுநீரகம் பழுதாகிக்கொண்டிருந்தது. உடம்பை நக்கிச் சுத்தம் செய்வதை நிறுத்தி, முதுகு மயிர் சடைபிடித்தபோதும் வயோதிகச் சோம்பல் என்றே எண்ணினேன். மடியில் குர்குர்ரென்று படுத்திருக்கிறாளே, நன்றாகத்தானே இருக்கிறாள் என்று! வலியிலும் பூனை அப்படிச் சத்தமிடும் என்பதை மருத்துவர் சொல்லித்தான் அறிந்தேன். கடைசி ஊசியின்போது தலையை என் உள்ளங்கையில் வைத்திருந்தாள். உயிர் போனபின்னும் கண்கள் திறந்தே இருக்கும் என்று யாராவது முன்பே சொல்லியிருக்கலாம். மூடிப் பார்த்தேன், மூடவில்லை. தண்ணீர்க் கிண்ணத்தை இன்னும் எடுக்கவில்லை.