கணக்குக் கேட்டால் புத்தகத்தைக் காட்டுங்கள், முகத்தைக் காட்டாதீர்கள்

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நம் சபைப் படிக்கட்டில் ஏழைக் குடும்பங்களுக்கு உதவிப் பை கொடுத்து, வாங்கியவர்களை நிற்கவைத்துப் படம் எடுத்ததை நம்மில் பாதிப்பேர் நேரில் பார்த்தோம். மீதிப்பேருக்கு ஆல்பமாக வந்து சேர்ந்துவிட்டது. யார், எவர் என்று நான் எழுதப்போவதில்லை. ஒரே ஒரு படத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

பேனருக்கு முன்னால் நிற்கும் அந்த அம்மா பையை மார்போடு பிடிக்கவில்லை. மூக்கு வரைக்கும் தூக்கிப் பிடித்திருக்கிறார். பக்கத்தில் நிற்கும் நம் ஆள் ஒருவர் பையின் மேல்விளிம்பைப் பிடித்துக் கீழே இறக்குகிறார். அவருக்குப் பையில் அச்சடித்த சபையின் பெயர் தெரியவேண்டும். அந்த அம்மாவுக்குத் தன் முகம் மறையவேண்டும். பின்வரிசையில் ஒரு பையன். சட்டையில் குத்தியிருக்கும் பேட்ஜில் பள்ளிக்கூடத்தின் பெயரைப் பெரிதாக்காமலே படிக்கமுடிகிறது. திங்கட்கிழமை அவன் அந்தப் பள்ளிக்கூடத்துக்குத்தானே போகவேண்டும்? யாராவது யோசித்தோமா?

கொடுத்ததற்குச் சாட்சி வேண்டும் என்றால் அது கணக்குப் புத்தகத்தில் இருக்கவேண்டும். வாங்கியவர் முகத்தில் இருக்கக்கூடாது. இதைத்தான் சொல்ல வந்தேன்.

நேற்றே இரண்டு மூன்று பேர் எழுதிவிட்டார்கள். "வெளிப்படைத்தன்மை வேண்டாமா? படம் போடலைன்னா பணம் எங்க போச்சுன்னு நீங்களே கேப்பீங்க." நியாயமான கேள்விதான். அதனால் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

பணம் எங்கே போனது என்பதை ஒரு படம் சொல்லாது. நாற்பது பைகளின் படத்தைப் பார்த்து, வந்த காணிக்கை அறுபது பைக்கானதா நாற்பது பைக்கானதா என்று யாராலும் சொல்லமுடியாது. அதைச் சொல்வது எண்ணும் மேசையில் நடக்கிற வேலை. ஆராதனை முடிந்த கையோடு, கட்டடத்தை விட்டு வெளியே போவதற்கு முன், உறவு இல்லாத இரண்டு பேர் உட்கார்ந்து எண்ணவேண்டும். கணவனும் மனைவியும் எண்ணினால் அது ஒரு ஆள் கணக்குத்தான். நோட்டு வாரியாக, சில்லறை வாரியாகச் சீட்டில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடவேண்டும். உதவிக்கு என்று கவரில் எழுதிக் கொடுத்த காணிக்கையைப் பொதுக் காணிக்கையோடு கலக்காமல் தனிச் சீட்டில் எழுதவேண்டும். எண்ணியவர் கணக்கு எழுதக்கூடாது. கணக்கு எழுதுபவர் காசோலையில் தனியாகக் கையெழுத்துப் போடக்கூடாது. உதவி கேட்டு வரும் மனுவுக்கு ஒப்புதல் கொடுப்பவர் இந்த மூன்றில் எதிலும் இருக்கக்கூடாது.

எங்கே கோளாறு வரும் தெரியுமா? எண்ணி முடித்த பணத்தில் இருந்தே, "பாவம், அவசரம்" என்று அங்கேயே எடுத்துக் கொடுப்பதில்தான். மனசு நல்ல மனசுதான். ஆனால் எண்ணிய சீட்டுத் தொகையும் வங்கியில் கட்டிய தொகையும் அந்த நிமிஷத்தில் இருந்து ஒத்துப்போகாது. ஆறு மாதம் கழித்து வித்தியாசம் ஏன் வந்தது என்று கேட்டால் யாருக்கும் ஞாபகம் இருக்காது. வந்தது முழுவதும் முதலில் வங்கிக்குப் போகவேண்டும். கொடுப்பது தனியாக, வவுச்சரோடு வெளியே வரவேண்டும். இரண்டாவது கோளாறு, கட்டட வேலைக்குக் குறையும்போது உதவி நிதியில் இருந்து "கைமாற்று" எடுப்பது. அப்படி எடுத்த பணம் திரும்பி வந்ததா என்பதை எந்த ஆல்பத்தில் பார்ப்பீர்கள்?

அப்போஸ்தலர் பவுல் எருசலேமில் இருந்த ஏழைகளுக்காகக் காணிக்கை திரட்டியபோது இதே கேள்வி அவருக்கும் வந்தது. அவர் என்ன செய்தார்? 2 கொரிந்தியர் 8-ம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். தன் உடன் ஊழியர் தீத்துவோடு இன்னும் இரண்டு சகோதரர்களை அனுப்புகிறார். அதில் ஒருவர் சபைகளே தெரிந்தெடுத்த ஆள். இவ்வளவு பெரிய தொகையைக் கையாளும்போது யாரும் குற்றம் சொல்ல இடம் இருக்கக்கூடாது என்று காரணமும் எழுதுகிறார். பணத்தைச் சுமப்பவர்கள் மேல்தான் கண்காணிப்பு வைத்தார். எருசலேம் ஏழைகள் வாங்கியதை வந்து நிரூபிக்கவேண்டும் என்று கேட்கவில்லை. நாம் தலைகீழாகச் செய்கிறோம். பணத்தைக் கையாளுகிற நம்மேல் ஒரு கேள்வியும் இல்லை, வாங்குகிறவர் மட்டும் கேமரா முன்னால் நிற்கவேண்டும்.

அறிக்கை கொடுக்காதே என்று நான் சொல்லவில்லை. காலாண்டுக்கு ஒருமுறை அரைப் பக்கம் போதும். தொடக்க இருப்பு, வந்த காணிக்கை, எத்தனை குடும்பம், வாடகைக்கு எவ்வளவு, மருத்துவத்துக்கு எவ்வளவு, படிப்புக்கு எவ்வளவு, கடைசி இருப்பு. அதற்குக் கீழே கணக்குக் குழுவில் இல்லாத ஒருவரின் தணிக்கைக் கையெழுத்து. 251-ம் ஆண்டு வாக்கில் ரோமாபுரி ஆயர் கொர்நேலியு அந்தியோகியா ஆயருக்கு எழுதிய கடிதத்தில் 46 மூப்பர்கள், 7 உதவிக்காரர்கள் என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, 1,500-க்கும் மேற்பட்ட விதவைகளையும் வறியவர்களையும் சபை தாங்குகிறது என்று எழுதியிருக்கிறார். எண்ணிக்கை இருக்கிறது. அந்த 1,500 பேரில் ஒருவருடைய பெயரும் அதில் இல்லை.

அரைப் பக்க அறிக்கையிலும் ஒரு கண்ணி இருக்கிறது, அதைப் பலர் கவனிப்பதில்லை. சின்னச் சபையில் "கல்விக் கட்டணம்: 1 குடும்பம்" என்று போட்டால் பெயர் போட்டதற்குச் சமம். யார் வீட்டுப் பிள்ளை இந்த வருஷம் கல்லூரியில் சேர்ந்தது என்று எல்லோருக்கும் தெரியும். ஒரு தலைப்பில் ஐந்து குடும்பத்துக்குக் குறைவாக இருந்தால் அதை அடுத்த தலைப்போடு சேர்த்து "கல்வி மற்றும் மருத்துவம்" என்று போடுங்கள். கமிட்டிக்குப் போகும் மனுவிலும் பெயர் வேண்டாம், ஒரு எண் போதும். குடும்பத்தில் எத்தனை பேர், என்ன தேவை, எவ்வளவு கேட்கிறார்கள், முன்பு எப்போது வாங்கினார்கள் என்ற நான்கு விவரத்தை வைத்து முடிவு எடுக்கலாம். எந்த எண் யாருடையது என்ற பட்டியல் பூட்டிய அலமாரியில், இரண்டே பேர் பொறுப்பில் இருக்கட்டும். சிலருக்கு இது கோபம் தரும். கமிட்டியில் இருந்துகொண்டு யாருக்குக் கொடுக்கிறோம் என்று தெரியாமல் எப்படி என்பார்கள். தெரிந்து என்ன செய்யப்போகிறீர்கள்?

"அவங்க சம்மதத்தோடதான் எடுத்தோம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பை உங்கள் கையில் இருக்கிறது, அவர் கை நீண்டிருக்கிறது, பின்னால் வரிசை நிற்கிறது, அந்த நேரத்தில் "ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?" என்று கேட்டால் யார் வேண்டாம் என்பார்கள்? அதற்குப் பெயர் சம்மதம் என்றால் எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. சம்மதம் கேட்கவேண்டுமானால் உதவி கொடுத்துச் சில நாள் கழித்து, கொடுக்காத வேறு ஒருவர் போய்க் கேட்கவேண்டும். மறுத்தால் அடுத்த மாத உதவிக்கு ஒரு குறையும் வராது என்று முதலிலேயே சொல்லவேண்டும். எங்கெல்லாம் போடப்போகிறோம் என்று எழுதிக் காட்டவேண்டும். பிறகு மனம் மாறினால் எடுத்துவிடவும் வேண்டும். கடைசியாகச் சொன்னது இன்று நடக்காத காரியம். வாட்ஸ்அப்பில் ஒருமுறை ஃபார்வர்ட் ஆன படத்தை எந்தப் போதகராலும் திரும்பக் கூப்பிடமுடியாது. பிள்ளைகள் விஷயத்தில் பெற்றோர் கையெழுத்து இருந்தாலும் வேண்டாம். முகம், பேட்ஜ், வீட்டு வாசல், படத்தோடு பதிவாகும் இடக்குறிப்பு எல்லாம் சேர்ந்து அந்தக் குழந்தை எங்கே இருக்கிறது என்று முன்பின் தெரியாதவனுக்கு வழி காட்டுகிறது.

இது நான் கண்டுபிடித்த கொள்கை இல்லை. செஞ்சிலுவை, செம்பிறை இயக்கமும் பெரிய தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து 1994-ல் பேரிடர் உதவிக்கான நடத்தை விதிகளை வெளியிட்டன. மொத்தம் 10. பத்தாவது விதியின் சாரம், நம் விளம்பரத்திலும் செய்தியிலும் பாதிக்கப்பட்டவர்களைக் கண்ணியம் உள்ள மனிதர்களாகக் காட்டவேண்டும், கதியற்ற பொருள்களாகக் காட்டக்கூடாது என்பது. நமக்கோ மத்தேயு 6-ம் அதிகாரமே இருக்கிறது. தர்மம் செய்யும்போது தாரை ஊதாதே என்ற வசனத்துக்கு வெளியில் இருந்து விளக்கம் தேவையா? எருசலேம் ஆலயத்தில் இரகசியக் காணிக்கை அறை ஒன்று இருந்ததை யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா சொல்கிறது. பக்தியுள்ளவர்கள் யாருக்கும் தெரியாமல் உள்ளே வைத்துவிட்டுப் போவார்கள். நல்ல குடும்பத்தில் பிறந்து நொடித்துப்போனவர்கள் அதில் இருந்து யாருக்கும் தெரியாமல் தாங்கப்பட்டார்கள். கொடுத்தவருக்கு வாங்கியவர் யார் என்று தெரியாது, வாங்கியவருக்கும் கொடுத்தவர் யார் என்று தெரியாது. எவ்வளவு யோசித்துச் செய்திருக்கிறார்கள் பாருங்கள்!

"உங்கள் வெளிச்சம் மனுஷர் முன்பாகப் பிரகாசிக்கட்டும்னு அதே மத்தேயுவில் இருக்கே" என்பார்கள். இருக்கிறது. வெளிச்சம் உங்களுடையது. உங்கள் முகத்தைப் போட்டுக்கொள்ளுங்கள். முந்தின நாள் இரவு பை கட்டிய வாலிபர்களைப் போடுங்கள். அடுக்கி வைத்த பைகளைப் போடுங்கள். வாங்கவந்தவர் முகத்தை ஏன் எடுக்கிறீர்கள்?

"ஏமாத்துறவங்க ரெண்டு தடவை வாங்கிட்டுப் போயிடுவாங்க." பதிவேட்டில் மனு எண்ணும் தேதியும் இருந்தால் பிடித்துவிடலாம். படத்தை வைத்து யாரும் பிடித்ததில்லை. அப்படியே ஒருவர் இரண்டு பை வாங்கிவிட்டால் போகட்டும், ஒரு பைதானே.

தூரத்தில் இருந்து பணம் அனுப்புகிறவர்கள் படம் கேட்கிறார்கள் என்பது உண்மையான சங்கடம். அவர்களுக்கு வாடகை ரசீது, மருந்துக்கடை பில், கல்லூரிக் கட்டண ரசீது ஆகியவற்றைப் பெயரை மறைத்து, மனு எண்ணை மட்டும் எழுதி நகல் அனுப்புங்கள். முடிந்தவரை பணத்தை நேராக வீட்டு உரிமையாளருக்கோ மருத்துவமனைக்கோ கட்டினால் இந்த ரசீது தானாகவே கிடைத்துவிடும். அப்படியும் முகம்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறவரின் பணம் இல்லாமல் சபை பிழைத்துக்கொள்ளும். கடுமையாகச் சொல்கிறேனோ? சொல்லிவிட்டுப் போகிறேன்.

அந்தப் பைகளைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் அதே மனப்பான்மைதான் அங்கேயும். ஒரே பையில் மாவும் துணி சோப்பும். இரண்டு நாளில் மாவு சோப்பு வாசனை அடிக்கும், வாயில் வைக்கமுடியாது. சோப்பைத் தனிப் பையில் போடவேண்டும். பன்னிரண்டு கிலோ பையை ஒரு வயதானவரால் பேருந்து நிறுத்தம் வரை தூக்கமுடியாது. ஆறு ஆறாக இரண்டு பை, அல்லது வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுப்பது. அடுப்பு இல்லாத வீட்டுக்குச் சமைக்கவேண்டிய பொருள் கொடுத்து என்ன பயன்? கைக்குழந்தை இருக்கிறதா, சர்க்கரை நோயாளி இருக்கிறாரா என்று ஒரு கேள்வி முன்கூட்டியே கேட்கலாமே. காலாவதித் தேதி நெருங்கியதை அலமாரியில் முன்னால் வைக்கவேண்டும், புதிதாக வந்ததைப் பின்னால். உப்பிய டின்னும் மூட்டுப்பக்கம் நசுங்கிய டின்னும் குப்பைக்கு. வீட்டில் மிஞ்சிய மருந்து மாத்திரைகளை வாங்கவே கூடாது. நாம் வீட்டில் சாப்பிடத் தயங்கும் எதையும் அந்தப் பையில் போடக்கூடாது, அவ்வளவுதான்.

வரிசையும் தேவையில்லை. அரை மணிக்குப் பத்துக் குடும்பம் என்று நேரம் பிரித்துச் சொன்னால் யாரும் வெயிலிலோ மழையிலோ நிற்கவேண்டியதில்லை. பக்கவாசல் வழியாக வரட்டும். பையில் எழுத்து எதுவும் வேண்டாம், கடையில் வாங்கியதைப் போல எடுத்துக்கொண்டு போகட்டும். வீட்டுக்குப் போவதானால் இரண்டு பேராகப் போங்கள். சபை ஸ்டிக்கர் ஒட்டிய வண்டியை வாசலில் நிறுத்தாதீர்கள்.

அன்று பை கொடுப்பதற்கு முன் அவர்களை முக்கால் மணி நேரம் உட்காரவைத்துப் பிரசங்கம் செய்ததையும் நான் சும்மா விடப்போவதில்லை. அதே 1994 விதிகளில் மூன்றாவது, உதவியை எந்த அரசியல், மத நிலைப்பாட்டையும் பரப்பப் பயன்படுத்தக்கூடாது என்கிறது. வார்த்தையைக் கேட்க விரும்புகிறவர் ஞாயிறு வருவார், கதவு திறந்துதான் இருக்கிறது. பசியோடு வந்தவரைக் கேட்கவைத்தால் அவர் கேட்பது பிரசங்கத்தையா, பை எப்போது வரும் என்பதையா? சுவிசேஷத்தின் மேல் எனக்கு அக்கறை இல்லை என்று யாராவது இதற்குக் கீழே எழுதுவார்கள். அக்கறை இருப்பதால்தான் வலிக்கிறது.

எனக்குத் தெரிந்த ஒரு சபையில் இப்படிப் படம் வந்த ஒரு குடும்பம் அதற்குப் பிறகு ஆராதனைக்கே வரவில்லை. உதவி வாங்குவதை மட்டும் நிறுத்தவில்லை, சபையையே விட்டுப் போய்விட்டார்கள். வருஷக் கடைசியில் "தொடர்பில் இல்லாதவர்கள்" பட்டியலில் அவர்கள் பெயரைச் சேர்த்தார்கள். காரணம் என்ற கட்டத்தில் ஒன்றும் எழுதவில்லை.

இதெல்லாம் ஏன் நடக்கிறது? முடிவு எடுக்கிற மேசையில், வரிசையில் நின்ற அனுபவம் உள்ளவர் ஒருவரும் இல்லை. அப்போஸ்தலர் 6-ம் அதிகாரத்தில் கிரேக்கம் பேசிய யூதர்கள், எங்கள் விதவைகளை அன்றாடப் பந்தியில் கவனிப்பதில்லை என்று முறையிட்டார்கள். அப்போஸ்தலர்கள் அந்த முறையீட்டை அடக்கவில்லை. ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலாவு. ஏழும் கிரேக்கப் பெயர்கள். எந்தப் பக்கத்தில் இருந்து குறை வந்ததோ அந்தப் பக்கத்து ஆட்கள் கையிலேயே பொறுப்பு போனதாகத்தான் எனக்குப் படுகிறது. நம் சபையில் குறை சொன்னால் "ஆவிக்குரிய முறுமுறுப்பு" என்கிறோம்.

அடுத்த கமிட்டிக் கூட்டத்துக்கு இதைத் தீர்மானமாக எழுதிக் கொடுக்கப்போகிறேன். ஆல்பத்தை எல்லாப் பக்கத்தில் இருந்தும் நீக்குவது, பகிர்ந்தவர்களிடம் தனித்தனியாகச் சொல்லி அழிக்கவைப்பது. உதவி பெறுகிறவர் முகம் இனி எந்தப் படத்திலும் வராது என்று எழுத்தில் வைப்பது. காலாண்டு அறிக்கையை இந்தக் காலாண்டிலேயே தொடங்குவது. உதவிக் குழுவில் இரண்டு இடத்தை, முன்பு உதவி பெற்று இப்போது நிமிர்ந்து நிற்கிறவர்களுக்கு ஒதுக்குவது, அவர்கள் எந்தக் காரணத்தால் குழுவில் இருக்கிறார்கள் என்று அறிவிக்காமல். முன்மொழிய நான் இருக்கிறேன், வழிமொழிய ஒருவர் வேண்டும். கமிட்டியில் இருப்பவர்கள் யாராவது முன்வந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள். ஆல்பத்தில் இருந்தவர்களின் பெயரைத் தயவுசெய்து இந்தப் பதிவின் கீழே யாரும் எழுதவேண்டாம், எழுதினால் நீக்கிவிடுவேன்.