கிழக்கே திரும்பும் சேசு சபை

ஒரு வருஷமாக ஒரு கதையை மனதில் போட்டு உருட்டிக்கொண்டிருக்கிறேன். காலம் 2300. கடல் திருவாரூர் வரை ஏறிவிட்டது. நாகப்பட்டினம் இருந்த இடத்தில் சில திட்டுகள் மட்டும் மிச்சம். அந்த உலகத்தில் சேசு சபைச் சாமியார்கள், அதாவது ஜெசுயிட் என்னும் கத்தோலிக்கத் துறவிகள், என்ன செய்துகொண்டிருப்பார்கள் என்பதுதான் கதை.

எதிர்காலக் கதை என்றாலே சாமியார்களை விண்கலத்தில் ஏற்றிவிடுகிறோம், இல்லையென்றால் உலகை மறைவில் ஆட்டிவைக்கும் கூட்டமாக்கிவிடுகிறோம். இரண்டும் எனக்கு ஒப்பவில்லை. இந்தச் சபைக்கு அதன் பழைய கதையே போதும். 1540இல் ஒரு போப்பாண்டவர் ஏற்றுக்கொண்ட சபையை 1773இல் இன்னொரு போப்பாண்டவர் கலைத்தே விட்டார். ரஷ்யாவின் மகாராணி இரண்டாம் கேத்தரின், அவர் கத்தோலிக்கரும் இல்லை, அந்த ஆணையைத் தன் நாட்டில் வெளியிட மறுத்தார். அந்த ஒரு மூலையில் சபை உயிரைப் பிடித்துக்கொண்டு கிடந்தது. 1814இல் மறுபடி எழுந்தது. யாராவது கதையில் எழுதியிருந்தால் நம்பியிருக்க மாட்டோம்.

நம் பக்கத்துக்கு 1838இல் திரும்பி வந்தார்கள். 1844இல் நாகப்பட்டினத்தில் கல்லூரி தொடங்கினார்கள். அதே கல்லூரிதான் 1883இல் திருச்சிக்கு இடம் மாறியது, இன்றைய செயின்ட் ஜோசப் கல்லூரி. கடற்கரையில் முளைத்து மலைக்கோட்டை நிழலுக்குப் போய்ச் சேர்ந்த கல்லூரி. என் கதை இங்கேதான் பிடித்துக்கொண்டது. கடல் ஏற ஏற சனமெல்லாம் மேற்கே போகிறது. சபை மட்டும் திருச்சியிலிருந்து கிழக்கே திரும்புகிறது.

"ஓர் இடத்தில் தங்குவதற்கென்றே பெனடிக்டைன் துறவிகள் இருக்கிறார்களே, அவர்களை வைத்து எழுதேன்" என்றான் நண்பன். நியாயமான கேள்வி. குளித்தலை பக்கம் தண்ணீர்ப்பள்ளியில், காவிரிக் கரையிலேயே, 1950இல் தொடங்கிய சாந்திவனம் என்ற அவர்களுடைய ஆசிரமம் இருக்கிறது. சேர்ந்த மடத்தைவிட்டு அகலமாட்டேன் என்பது பெனடிக்டைன்களின் வார்த்தைப்பாடு. சேசு சபை நேர் எதிர். ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல் மூன்றோடு, போப்பாண்டவர் எங்கே அனுப்பினாலும் போவேன் என்று நான்காவதாக ஒன்றையும் அவர்களில் பலர் எடுக்கிறார்கள். தங்கப் பழகியவர் தங்குவதில் எனக்குக் கதை இல்லை. போகப் பழகியவரை, எல்லாரும் கைவிட்டுப் போகும் ஊருக்கு அனுப்பினால் என்ன ஆவார்? அதுதான் எனக்கு வேண்டும்.

அப்புறம் சாதி. இதைத் தாண்டிக்கொண்டு இந்தக் கதையை எழுத எனக்கு மனம் வரவில்லை. 1606இல் மதுரைக்கு வந்த சேசு சபைச் சாமியார் ராபர்ட் தெ நொபிலி பிராமண சந்நியாசி போல உடுத்தினார். பிறகு மற்றச் சாதியாருக்கென்று, பிராமணரல்லாத பண்டாரத் துறவிகள் போல உடுத்திய பண்டாரசாமிகள் சபையிலிருந்தே வந்தார்கள். அதே சபையின் அருளானந்தர் (ஜான் தெ பிரிட்டோ) உடுத்தியதும் பண்டார உடைதான். ஒரே சபைக்குள் இரண்டு வகைச் சாமியார்கள். அன்றைய நெருக்கடி எனக்குப் புரிகிறது, ஆனாலும் மனசு ஆறவில்லை. எங்கள் ஊர்க் கத்தோலிக்கக் கோவிலில் என் பாட்டி காலத்தில் யார் எந்தப் பக்கம் உட்காருவது என்பது பூசைக்கு முன்பே முடிவாகியிருந்தது.

கடல் ஏறும்போது முதலில் கிளம்புபவர்கள் மேற்கே நிலமோ உறவோ உள்ளவர்கள். திட்டில் மிஞ்சுபவர்கள் சேரிக்காரர்களும் கடற்கரைக்காரர்களும். அவர்களுக்கு நடுவில் மறுபடி சபை வருகிறதென்றால் பழைய வரிசையைத் தூக்கிக்கொண்டு வரக்கூடாது. அதனால் என் கதையில், சபையில் புதிதாகச் சேர்ந்து பயிலும் நவதுறவிகளுக்குப் பாடம் சொல்பவர்கள் அந்தத் திட்டு மக்கள்தான். வரப்பு உயர்த்துவது, மழைத்தண்ணீரைத் தேக்கி உப்பைக் கழுவி இறக்குவது, உப்பு மண்ணைத் தாங்கும் களர்ப்பாலை, மாப்பிள்ளைச் சம்பா நெல்லை விதைக்காகக் காப்பாற்றுவது, எல்லாம் அவர்களிடமிருந்தே கற்றாக வேண்டும். லத்தீன் அதற்குப் பிறகு.

விண்கலம் வேண்டும் என்பவர்களுக்கு இது சப்பென்று இருக்கலாம். எனக்கு இதைவிடப் பெரிய பயணம் தெரியவில்லை.

முதல் அத்தியாயம் கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. ஆடி மாசம், திருவாரூர்த் துறையிலிருந்து ஒரு படகு கிளம்புகிறது. இரண்டு சாமியார்கள், மூன்று மூட்டை விதைநெல். திட்டில் இறங்கியதும் ஒரு கிழவி கேட்கிறாள்: "எத்தனை நாளைக்கு இருப்பீங்க சாமி?"

அவர்கள் சொல்லும் பதிலை இரண்டு மாதமாக எழுதி எழுதி அடித்துக்கொண்டிருக்கிறேன்.