25 ரூபாய்ப் பாக்கெட்டும் ஒரு மேடைப் பேச்சும்

அந்தக் காணொளியை எனக்கு இன்னமும் அனுப்பிக்கொண்டிருப்பவர்களுக்கு: பார்த்துவிட்டேன். மன்னார்குடிப் பக்கத்து மகளிர் குழுக் கூட்டத்தில், ரேஷன் பாமாயில் பாக்கெட்டை இரண்டு விரலால் செத்த எலியைத் தூக்குவது போலத் தூக்கிக் காட்டி, "இதில் சமைக்கிற தாய் பிள்ளைக்கு விஷம் வைக்கிறாள்" என்றாரே, அந்த இயற்கை உணவுப் பேச்சாளரைத்தான் சொல்கிறேன். முன்வரிசையில் தலை குனிந்து உட்கார்ந்திருப்பவர் என் சித்தி. பாக்கெட் அவருடைய பையிலிருந்து எடுத்தது. கேட்டுக்கூட எடுக்கவில்லை.

எண்ணெயின் பெயரை விடுங்கள். எவ்வளவு ஊற்றுகிறீர்கள், ஊற்றியதை எத்தனை முறை காய்ச்சுகிறீர்கள், இதுதான் கேள்வி. எந்த எண்ணெயும் கிராமுக்கு 9 கலோரி. வாகை மரச் செக்கில் ஆட்டியது என்பதற்காக அது 5 ஆகிவிடாது.

பாமாயிலில் பாதி நிறைவுற்ற கொழுப்பு என்றார். உண்மைதான். இதய நோய் உள்ளவர்கள் குறைத்துக்கொள்ளட்டும், மறுக்கவில்லை. ஆனால் அடுத்த நிமிடமே தேங்காய் எண்ணெயை அமிர்தம் என்றாரே, அதில் ஏறத்தாழ 90 விழுக்காடு நிறைவுற்ற கொழுப்பு. அந்தக் கணக்கு மட்டும் மறந்துபோயிற்று. மேசையில் அவர் விற்பனைக்கு அடுக்கியிருந்த செக்கு எண்ணெய் பாட்டில்களில் 'கொலஸ்ட்ரால் இல்லாதது' என்று ஒட்டியிருந்தது. தாவர எண்ணெய் எதிலும் சொல்லும்படியாகக் கொலஸ்ட்ரால் கிடையாது ஐயா. சித்தியின் பாக்கெட்டிலும்தான் இல்லை.

"அப்படியானால் பாமாயிலுக்கு வக்காலத்து வாங்குகிறீர்களா?" இல்லை. என் வீட்டில் வத்தக்குழம்புக்கு நல்லெண்ணெய்தான், அதுவும் வாசனைக்காக. பொரிப்பதற்குக் கடலை எண்ணெய். என்னால் வாங்க முடிகிறது, வாங்குகிறேன். இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது?

2007இல் ரேஷனில் பாமாயில் வரத் தொடங்கிய பிறகுதான் சித்தி வீட்டில் நினைத்தபோது அப்பளம் பொரிக்க முடிந்தது. அதற்கு முன் அது அமாவாசைக்கும் விருந்துக்கும்தான். இன்றைக்கும் அவர் எண்ணெயைக் கரண்டியில் அளந்துதான் விடுவார். பொரித்து மிஞ்சியதை வடிகட்டி மறுநாள் தாளிப்பதிலேயே தீர்த்துவிடுவார், மறுபடி பொரிக்க வாணலியில் ஏற்றமாட்டார். அந்தக் கூட்டத்திலேயே மிகக் குறைவாக எண்ணெய் செலவழிக்கிற பெண்ணுக்குத்தான் அந்த உபதேசம்!

கூட்டம் முடிந்ததும் எல்லோருக்கும் பஜ்ஜி கொடுத்தார்கள். அது எத்தனை முறை காய்ந்த எண்ணெய் என்று மேடையிலிருந்து யாரும் கேட்கவில்லை. திரும்பத் திரும்பக் காய்ச்சும்போது உருவாகும் துருவச் சேர்மங்கள், அதாவது எண்ணெய் சிதைந்து உண்டாகும் பொருட்கள், 25 விழுக்காட்டைத் தாண்டினால் அந்த எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்று 2018 ஜூலையிலிருந்து விதி இருக்கிறது. மறுபடியும் சொல்கிறேன்: எவ்வளவு, எத்தனை முறை. பெயர் பிறகு.

"மருத்துவச் செலவை நினைத்தால் செக்கு எண்ணெய் மலிவு" என்று எழுதியிருக்கிறார் ஒரு நண்பர். இப்படிச் சொல்கிற எவரையும் நான் ரேஷன் வரிசையில் பார்த்ததில்லை. அடுப்படியிலும் அதிகம் பார்த்ததில்லை. ஒரு லிட்டர் நல்லெண்ணெய்க்கு இரண்டு கிலோவுக்கு மேல் எள் வேண்டும். விலை ஏறத்தான் செய்யும், செக்குக்காரரைக் குறை சொல்லவில்லை. 25 ரூபாய் கொடுத்து ஒரு லிட்டர் வாங்குகிறவரிடம் அந்த விலையைச் சொல்லிவிட்டு, கூடவே விஷம் என்ற சொல்லையும் சேர்த்துச் சொல்ல எப்படி மனம் வருகிறது?

அந்த எள்தான் எங்கிருந்து வருகிறது? சம்பா அறுத்த வயலில் மாசியில் தெளிக்கிறோம். கோடை மழை பெய்து தண்ணீர் நின்றால் செடி அழுகிப்போகும். தப்பித்ததை வியாபாரி சொன்ன விலைக்குக் களத்திலேயே அளந்து கொடுக்கிறோம். பேரம் பேசினால் அவர் அடுத்த ஊருக்குப் போய்விடுவார். பிறகு அதே எள் பாட்டிலுக்குள் புகுந்து, 'பாரம்பரியம்' என்று அச்சடித்த அட்டையோடு எங்கள் ஊர் மேடைக்கே வந்து, விதைத்த வீட்டுப் பெண்ணையே குற்றவாளி ஆக்குகிறது. சித்தியும் களை எடுத்த எள்தான் அது.

டெல்டா எள்ளின் மகிமையைப் பற்றிக் கருத்துப் பெட்டியில் உருகிக்கொண்டிருக்கிறவர்கள் உள்பெட்டிக்கு வாருங்கள். பெரியப்பா வீட்டுத் திண்ணையில் மூட்டைகள் விலை படியாமல் கிடக்கின்றன. வண்டி கொண்டுவந்து ஏற்றிக்கொள்ளலாம், சாக்கு நாங்கள் தருகிறோம். பணம் மட்டும் கையோடு கொடுத்துவிடுங்கள்.