இடித்துவிட்டு வா என்கிறார்கள்

பழைய குடோன் ஒன்றை வீடாக்க அனுமதி கேட்டு அலைகிறோம். பதினாறு மாதமாக அடக்கி வைத்திருக்கிறேன். இன்றைக்கு எழுதாவிட்டால் தூக்கம் வராது.

நீலகிரியில் எமரால்டு பக்கம் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலை. அதன் ஓரத்தில் தாத்தா 1968இல் கட்டிய உருளைக்கிழங்கு குடோன் நிற்கிறது. இரண்டடி கனத்துக்குக் கருங்கல் சுவர், மேலே தகரம். கதவைத் திறந்தால் இன்னும் ஈரமண்ணும் கிழங்கும் கலந்த வாசம் வரும். வாசல் பக்கத்துச் சுவரில் மூட்டைக் கணக்குக்காக அவர் கரியால் இழுத்த கோடுகள் அப்படியே இருக்கின்றன, நான்கு நேராக, ஐந்தாவது குறுக்காக. அப்பா காலத்தில் கிழங்கை விட்டுத் தேயிலைக்கு மாறினோம். பறித்த கொழுந்து அன்றைக்கே ஃபாக்டரிக்குப் போய்விடும், குடோனுக்கு வேலையில்லை. இருபத்தைந்து வருஷமாகச் சும்மா கிடக்கிறது.

தம்பிக்குக் கல்யாணம் முடிந்தது. ஊட்டியில் ஒற்றை அறைக்கு வாடகை கொடுத்துக்கொண்டிருக்கிறான். குடோனுக்குள் ஒரு தடுப்புச் சுவர், இரண்டு ஜன்னல், ஒரு கழிப்பறை, அவ்வளவுதான் கேட்டோம். கழிப்பறைக் குழியைத் தவிர எங்கேயும் மண்வெட்டி படாது. ஒரு மரம் சாயாது. உயரம் ஓர் அங்குலம் கூடாது.

சட்டமே வேண்டாம் என்கிற ஆள் இல்லை நான். 2009 நவம்பர் மண்சரிவில் இந்த மாவட்டத்தில் 40 பேருக்கு மேல் செத்தார்கள். அந்த வாரத்தை மறந்த மலைக்காரன் யாரும் கிடையாது. 7 மீட்டருக்கு மேல் கட்டாதே, சரிவை வெட்டாதே, அனுமதியில்லாமல் பொக்லைன் ஏற்றாதே என்றால் கும்பிட்டு ஏற்றுக்கொள்கிறேன். மலைப்பகுதிக் கட்டுமானங்களைக் கட்டுப்படுத்துகிற மலையிடப் பாதுகாப்புக் குழுமம் 1990இல் வந்தது நல்லதுக்குத்தான். ஆனால் அந்த விதிகளின் நோக்கம் மலையைக் காப்பாற்றுவதுதானே? மலையைத் தொடவே மாட்டேன் என்று வருகிறவனை எதற்கு நாயாய் அலைய விடுகிறீர்கள்?

அனுமதிக்கான படிவத்தில் 'புதிய கட்டுமானம்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. ஏற்கெனவே நிற்கிற கிடங்கை வீடாக்க எதை நிரப்புவது என்று அலுவலகத்தில் கேட்டேன். "புதுசுன்னே போடுங்க" என்றார்கள். போட்டேன். உடனே காலி மனைக்குக் கேட்கிற எல்லாத் தடையின்மைச் சான்றும் கேட்டார்கள். வனம், வருவாய், புவியியல், வேளாண் பொறியியல் என்று ஒவ்வொன்றுக்கும் தனி மனு, தனி வரைபடம், தனி கள ஆய்வு. ஒரு சான்று கைக்கு வருவதற்குள் இன்னொன்றின் தேதி முடிந்துவிடுகிறது. அந்தச் சான்றுக்கு மறுபடி முதலிலிருந்து.

சரி, பழைய கட்டடம் என்றே மாற்றி எழுதிக் கொடுத்தேன். "அப்போ கட்டினப்ப வாங்கின அனுமதி எங்கே?" என்று கேட்டார் மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர். 1990இல் வந்த குழுமத்திடம் 1968இல் தாத்தா எப்படி அனுமதி வாங்கியிருப்பார்? பஞ்சாயத்துக்கு வரி கட்டிய பழைய ரசீதை நீட்டினேன். திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல குடோன்னுதானே இருக்கு" என்றார். குடோன்தான் ஐயா, அதை வீடாக்கத்தானே வந்து நிற்கிறேன்!

அப்புறம் அவரே ஒரு வழி சொன்னார். "இடிச்சுட்டு, காலி இடம்னு காட்டி, புதுசா கட்ட அப்ளை பண்ணுங்க. அதுதான் சுலபம்."

அந்த நிமிஷம் எனக்குக் கை நடுங்கியது. 2019 ஆகஸ்ட்டில் பக்கத்து அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அந்த மழையில் எங்கள் தோட்டத்தில் இரண்டு இடத்தில் மண் இறங்கியது, இந்தச் சுவரில் ஒரு கல் அசையவில்லை. இதை இடித்தால் அத்தனை கல்லும் மண்ணும் சரிவில் உருண்டு கீழே ஓடைக்குத்தான் போகும். அப்புறம் புது அஸ்திவாரத்துக்கு மலையை வெட்ட வேண்டும், மணலும் சிமெண்டும் மேட்டுப்பாளையத்திலிருந்து லாரியில் ஏற வேண்டும். எதைத் தடுக்க விதி போட்டார்களோ அதையே செய்துவிட்டு வா என்கிறார்கள்.

காரமடையில் என் தங்கை போன வருஷம் வீடு கட்டினாள். விதிப்படிதான் கட்டுகிறோம் என்று நாமே சான்று கொடுக்கிற, 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறையில் இணையத்தில் விண்ணப்பித்து அனுமதி வாங்கிவிட்டாள். அவளைப் பார்த்துப் பொறாமை இல்லை. சமவெளிக்கும் மலைக்கும் ஒரே அளவுகோல் வேண்டாம், ஒத்துக்கொள்கிறேன். எங்கள் படிவத்தில் 'பழைய கட்டடத்தைக் குடியிருப்பாக மாற்றுதல்' என்று ஒரே ஒரு கட்டம் சேருங்கள். ஆள் அனுப்பிச் சுவரைத் தட்டிப் பாருங்கள், சரிவை அளந்து பாருங்கள், ஆபத்து என்றால் முகத்துக்கு நேரே முடியாது என்று எழுதிக் கொடுங்கள். 'பரிசீலனையில் உள்ளது' என்ற ஒரே வரியை வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் எத்தனை வருஷம் காத்திருக்கும்?

கூரையில் மூன்று தகரம் துருப்பிடித்து ஓட்டை விழுந்துவிட்டது. மாற்றலாம் என்றால், அனுமதியில்லாமல் வேலை நடக்கிறது என்று சீல் வைத்துவிடுவார்களோ என்று அப்பா பயப்படுகிறார். ஜூன் பிறந்தால் தென்மேற்கு மழை. தாத்தா கோடு போட்ட சுவருக்கு நேர் மேலேதான் அந்த ஓட்டை.