‘அப்படியே பொருந்தும்’ என்று அச்சிடுகிறவர்களுக்கு

ரேடியோ கட்டுப்பாட்டுக் காருக்கு வேறு நிறுவனத்தார் செய்து விற்கும் மாற்றுப் பாகங்களின் உறையில் ‘அப்படியே பொருந்தும்’ என்ற வரியைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வருகிறது. 1/10 அளவுக் கார்களில் சக்கரம் உட்காரும் அறுகோணம் பெரும்பாலும் 12 மி.மீ. என்பதால், சக்கரம் மாற்றுவதில் தொல்லை குறைவு. முன்சக்கரங்களைத் திருப்பும் சிறு மோட்டாரான ஸ்டீயரிங் சர்வோவின் தண்டில் பூட்டும் கையை மாற்றுவதுதான் பெரும்பாடு. அந்தச் சிறிய தண்டில் உள்ள பற்கள் தயாரிப்பாளருக்கு ஏற்ப 23, 24, 25 என்று மாறுபடுகின்றன. ஒரு பல் கூடுவதும் குறைவதும் வெறுங்கண்ணுக்குத் தெரிவதில்லை. தவறான அலுமினியக் கையை வைத்துத் திருகை இறுக்கினால், முதலில் சரியாக உட்கார்ந்ததுபோலத் தோன்றி, பிறகு தண்டின் பற்கள் மழுங்கிச் சர்வோவே வீணாகிவிடும். வாங்குபவருக்கு இன்றியமையாத அந்த ஒற்றை எண்ணை விட்டுவிட்டு, நீலமா சிவப்பா என்பதை மட்டும் கொட்டை எழுத்தில் போடுவது என்ன நியாயம்?

காரை ஓட்டும் மோட்டாரின் தண்டில் பூட்டும் பினியன் என்ற சிறிய பல்சக்கரமும் இப்படித்தான். பல்லின் அளவைக் குறிக்கும் 48 பிட்ச், 0.6 மாட்யூல் இரண்டும் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும். மாற்றிப் பூட்டினால் கார் கீச்சென்று அலறியபடி ஓடி, பினியனோடு பல் கோத்துச் சுழலும் பிளாஸ்டிக் ஸ்பர் சக்கரத்தை அரைத்துத் தள்ளிவிடும். பற்களின் எண்ணிக்கை, பிட்ச், தண்டின் விட்டம், பேரிங்கின் அளவு ஆகியவற்றை உறையில் அச்சிட ஒரே ஒரு வரி போதும். அந்த ஒரு வரியைத்தான் கேட்கிறேன்.