படம் ஒரு நேரம், பொம்மை ஒரு நேரமா?

படம் பார்த்துவிட்டு வரும் பிள்ளை தியேட்டர் வாசலிலேயே அந்தப் பொம்மையைக் கேட்கிறது. கடையில் இல்லை. அடுத்த வருஷம் வருமாம்! தீபாவளி முடிந்து வரும் வெடியை வைத்து என்ன செய்வது? வயிறு எரிகிறது.

இது இன்று நேற்று வந்த நோய் இல்லை. 1977 மே மாதம் அமெரிக்காவில் ஸ்டார் வார்ஸ் என்ற விண்வெளிப் படம் வந்தது. பொம்மை உரிமம் வாங்கிய கென்னர் நிறுவனத்தால் கிறிஸ்துமஸுக்குள் பொம்மைகளைச் செய்து முடிக்க முடியவில்லை. அதற்காகக் கடையைச் சும்மா விட்டார்களா? ஒரு அட்டை உறையை விற்றார்கள். உள்ளே பொம்மைகளை நிறுத்திவைக்க ஒரு அட்டை, கொஞ்சம் ஸ்டிக்கர், ஒரு சான்றிதழ். அதை நிரப்பித் தபாலில் அனுப்பினால் படத்தின் பாத்திரங்களான லூக், லேயா, சூபாக்கா, ஆர்2-டி2 நான்கு பொம்மைகளும் 1978-இல் வீடு தேடி வரும். பண்டிகை நாளில் ஆசையாகப் பிரித்த பிள்ளையின் கையில் வெறும் காகிதம்!

அவர்களையாவது மன்னிக்கலாம். படம் அப்படி ஓடும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை, பொம்மைக்கு அச்சு செய்யவே மாதக்கணக்கில் ஆகும். 2019-இல் வந்த மாண்டலோரியன் என்ற ஸ்டார் வார்ஸ் தொடரின் பச்சைக் குழந்தை 'பேபி யோடா'வுக்கும் அந்தக் கிறிஸ்துமஸில் பொம்மை இல்லை. அப்படி ஒரு பாத்திரம் இருக்கும் ரகசியம் வெளியே போகக் கூடாது என்று தள்ளிவைத்தார்கள். கதைக்காகச் செய்தது, அதையும் ஏற்றுக்கொள்கிறேன்.

ஆனால் 2015-இல் நடந்ததை எப்படி ஏற்பது? த ஃபோர்ஸ் அவேக்கன்ஸ் என்ற ஸ்டார் வார்ஸ் படம் வந்தது டிசம்பரில். பொம்மைகளை செப்டம்பர் 4 நள்ளிரவிலேயே கடைகளில் இறக்கிவிட்டார்கள். புதுப் பாத்திரங்களான ரே யார், ஃபின் யார் என்று ஒருவருக்கும் தெரியாத நேரம். அவ்வளவு முன்னால் விற்றதால் கதை வெளியே தெரிந்துவிடுமே என்ற பயம் வேறு. அதனால் ஹாஸ்ப்ரோ என்ற பொம்மை நிறுவனம் விற்ற ஸ்டார் வார்ஸ் மோனோபொலி பலகை விளையாட்டுப் பெட்டியில் ஃபின், கைலோ ரென், லூக், டார்த் வேடர் எல்லாரும் உண்டு, ரே மட்டும் இல்லை. படத்தின் நாயகியே அவள்தான்! பெற்றோரும் பிள்ளைகளும் கொதித்த பிறகுதான் அவளைச் சேர்ப்பதாகச் சொன்னார்கள். தேதியை நீங்களே முன்னால் இழுத்துவைத்துவிட்டு, அதற்கு ஒரு பெண் பாத்திரத்தைப் பலி கொடுப்பதா?

இப்போது ப்ரீ ஆர்டர் என்று புதுக் கொடுமை. முன்பதிவு திறந்த கொஞ்ச நேரத்தில் மொத்தமாக வாங்கிப் பதுக்குபவர்கள் அள்ளிக்கொண்டு போகிறார்கள். நமக்குக் கிடைத்தாலும் தேதி தள்ளிக்கொண்டே போகிறது. அப்புறம் எல்லாம் ஒரே மாதத்தில் வந்து இறங்குகிறது. மாதச் சம்பளக்காரன் எதை வாங்குவான், எதை விடுவான்?

படம் வரும் வாரத்தில் முக்கியப் பாத்திரங்களைக் கடையில் வையுங்கள். மற்றதை மாதத்துக்கு ஒன்றாக விடுங்கள். பணம் கொடுக்க நாங்கள் தயாராகத்தானே நிற்கிறோம்!